சூசன்னாவின் வழக்கும் சுருளி அருவி வழக்கும்



பாலசமுத்திரத்தில் ஓர் அன்பியக் கூட்டம். செபமாலை முடிந்து, இறைவார்த்தை வாசித்து, பகிர்வுக்கு வந்தோம். வயதான ஓர் அம்மா, கையில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளைக் காட்டிக் கேட்டார்: "ஏம்ப்பா, கீழ்க் கோர்ட்டுல தூக்குன்னாங்க. மதுரையிலயும் தூக்குன்னாங்க. இப்ப டெல்லியில போயி ஒன்னுமே இல்லேன்னு விட்டுட்டாங்களே, இதுல எது உண்மை? காசு விளையாடிருச்சா?"

கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். நாமும் பலமுறை இப்படித்தான் நினைக்கிறோம். ஒருவர் விடுதலையானார் என்றால், சட்டத்தின் ஓட்டை வழியாகத் தப்பிவிட்டார் என்றுதான் நம் மனதில் முதலில் தோன்றுகிறது. அந்த அம்மாவின் கேள்விக்கு அன்று முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு தேடிப் படித்ததையும் தெரிந்தவர்களிடம் கேட்டதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

அவர் கேட்டது சுருளி அருவி வழக்கைப் பற்றி. பழனி மலைக்கு அப்பால், தேனி மாவட்டத்தில் கம்பத்துக்கு அருகே உள்ள அருவி அது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் நம் ஊர்ப் பக்கத்திலிருந்தும் பலர் போய் வருவார்கள். 2011 மே மாதம் அங்கே சென்ற ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் வீடு திரும்பவில்லை. சில நாள்கள் கழித்து இருவரும் கொலையுண்டு கிடந்தார்கள். பெண் பாலியல் வன்கொடுமைக்கும் ஆளாகியிருந்தார். ஒருவர் கைது செய்யப்பட்டார். தேனி அமர்வு நீதிமன்றம் 2018 மார்ச்சில் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 மார்ச்சில் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகிய மூவர் அமர்வு, அவரை முழுமையாக விடுவித்தது. அதே சாட்சிகள், அதே காகிதங்கள். தூக்குமேடைக்கும் வீட்டு வாசலுக்கும் இவ்வளவுதானா தூரம் என்று நாம் திகைக்கிறோம்.

முதலில் படிக்கட்டைப் புரிந்துகொள்வோம். நம் ஊரில் ஒரு கொலை நடந்தால், பழனியில் உள்ள குற்றவியல் நடுவர் முன் குற்றப்பத்திரிகை தாக்கலாகும். விசாரணை அமர்வு நீதிமன்றத்தில். அங்கே தண்டனை என்றால் மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு. 2004 ஜூலையில் அந்தக் கிளை திறக்கப்படும்வரை இதற்காக நம் மக்கள் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். அதற்கும் மேலே டெல்லி. தூக்குத் தண்டனை என்றால் மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் உயர் நீதிமன்றம் அதைப் பார்த்து உறுதி செய்தாக வேண்டும். அதுவரை நிறைவேற்ற முடியாது.

மேல்முறையீட்டில் சாட்சிகள் மறுபடி வந்து பொதுவாகக் கூண்டில் ஏறுவதில்லை. கீழே பதிவான ஒவ்வொரு சாட்சியத்தையும், ஒவ்வொரு மகஜரையும், ஒவ்வொரு தேதியையும் எடுத்து வைத்து ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று நீதிபதிகள் பார்க்கிறார்கள். இவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல அவர்கள் கேட்பது. இவர்தான் செய்தார் என்பதை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு காட்டியிருக்கிறதா என்பதே கேள்வி. காட்டவில்லை என்றால் விடுதலை. வேறு வழி சட்டத்தில் இல்லை.

நேரில் பார்த்தவர் யாருமில்லாத வழக்குகளில்தான் சிக்கல் அதிகம். சுருளி வழக்கும் அப்படிப்பட்டதே. அங்கே சூழ்நிலைகளைச் சங்கிலிபோலக் கோக்க வேண்டும். 1984-இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஐந்து நிபந்தனைகள் சொன்னது. பஞ்சசீலம் என்றே அவற்றை அழைத்தது. சுருக்கமாகச் சொன்னால், ஒவ்வொரு கண்ணியும் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும். எல்லாக் கண்ணிகளும் சேர்ந்து இவர்தான் குற்றவாளி என்பதைத் தவிர வேறு எந்த முடிவுக்கும் இடம் தரக்கூடாது. 'செய்திருக்கலாம்' என்பதற்கும் 'செய்தே இருக்க வேண்டும்' என்பதற்கும் இடையே உள்ள தூரம் நீண்டது என்பது நம் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் பாடம்.

இந்தக் கண்ணிகள் எங்கே அறுகின்றன? ஒன்று, போலீசாரிடம் கொடுத்ததாகச் சொல்லப்படும் வாக்குமூலம். அதைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் கொள்ளக்கூடாது என்பது வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே சட்டம். அடித்து வாங்கியிருக்கலாம் என்ற பயம் அன்றே இருந்திருக்கிறது! அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதியை மட்டும் ஏற்கலாம். பழைய சட்டத்தில் 27-ஆம் பிரிவு என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது தொடர்கிறது. ஆகவே பல வழக்குகளில் அரிவாளோ நகையோ 'எதிரி அடையாளம் காட்டிய இடத்தில்' கிடைத்ததாக ஒரு மகஜர் இருக்கும். அதில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த இருவரும் உண்மையில் அங்கே போனார்களா, அல்லது ஸ்டேஷனில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்களா என்பது குறுக்கு விசாரணையில் வெளியே வந்துவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருவர் தானாகவே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதாக வரும் வாக்குமூலமும் நம் தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி காணப்படுவது. முன்பின் தெரியாத அலுவலரிடம் ஒருவர் ஏன் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் கேட்கின்றன.

இரண்டு, 'கடைசியாகச் சேர்ந்து பார்த்தேன்' என்னும் சாட்சியம். எப்போது பார்த்தார், போலீசாரிடம் எத்தனை நாள் கழித்துச் சொன்னார், முன்பே தெரிந்தவரா, அடையாள அணிவகுப்பு நடந்ததா என்பவற்றில் அது நிற்கும் அல்லது விழும்.

மூன்றாவது, அறிவியல். டி.என்.ஏ. என்றால் கடவுளே வந்து சாட்சி சொன்னதுபோல நாம் நினைக்கிறோம். சுருளி வழக்கு உடைந்ததே இந்த இடத்தில்தான். ஆய்வகம் தன் முன் வந்த குப்பியில் இருப்பதைத்தான் சொல்ல முடியும். அந்தக் குப்பி உடலிலிருந்து எடுத்த நேரம் முதல் ஆய்வகத்துக்கு வரும்வரை யார் கையில் இருந்தது, எங்கே வைக்கப்பட்டது, முத்திரை உடையாமல் வந்ததா, ஏன் தாமதம் என்பதை அதனால் சொல்ல முடியாது. அந்த விவரங்களை அரசுத் தரப்பு சரியாகக் காட்டவில்லை. தாமதத்துக்கு விளக்கமில்லை, மாதிரி மாசுபட்டிருக்கும் வாய்ப்பை விலக்க முடியவில்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆகவே அந்த அறிக்கையை நம்பி ஓர் உயிரை எடுக்க முடியாது என்றது.

அத்தோடு நிற்காமல் நாடு முழுவதற்கும் நெறிமுறைகளையும் அந்தத் தீர்ப்பு வகுத்தது. மாதிரி எடுக்கும்போதே வழக்கு எண், பிரிவு, அதிகாரி விவரம் எழுதி, மருத்துவரும் விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றிப் பிறகு திறக்கக்கூடாது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு வழக்கு முடியும்வரை ஒரு பதிவேடு இருக்க வேண்டும். நம் ஊர் ரேஷன் கடையில் அரிசி மூட்டைக்கே இருப்புப் பதிவேடு உண்டு. ஒரு மனிதனைத் தூக்குக்கு அனுப்பும் பஞ்சுக் குச்சிக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று சொல்ல 2025 வரை ஆகியிருக்கிறது.

இதைப் படிக்கும்போது நமக்குத் தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தவக்காலம் ஐந்தாம் வாரத் திங்களன்று திருப்பலியில் வாசிக்கக் கேட்கிறோம். (பிற சபைச் சகோதரர்களின் விவிலியத்தில் இந்த அதிகாரம் இருக்காது. நம்முடையதில் உண்டு.) யோவாக்கிமின் மனைவி சூசன்னா. அவர்மீது குற்றம் சாட்டியவர்கள் இரண்டு முதியவர்கள், அந்த ஆண்டின் நீதிபதிகள். தோட்டத்தில் ஒரு வாலிபனோடு அவரைக் கண்டோம் என்றார்கள். மோசேயின் சட்டம் கேட்கும் இரண்டு சாட்சிகள் கிடைத்துவிட்டார்கள். சபை ஏன் நம்பியது? அவர்கள் மூப்பர்கள், நடுவர்கள் என்பதால் நம்பியது. சாவுத் தீர்ப்பு ஆகிவிட்டது. கொல்லக் கொண்டுபோகிறார்கள்.

அப்போது தானியேல் என்னும் இளைஞர் குரல் எழுப்பி, மக்களை மறுபடி நீதிமன்றத்துக்குத் திரும்ப வைத்தார். அவர் சூசன்னாவின் ஒழுக்கத்துக்கு நற்சான்று தேடவில்லை. முதியவர்களைத் தனித்தனியே பிரித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எந்த மரத்தடியில்? ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார். மற்றவர் வேறு மரத்தைச் சொன்னார். வழக்கு அங்கேயே முடிந்தது. இன்று உயர் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் வழக்கறிஞர் கேட்பதும் இதே மரத்தடிக் கேள்விதான். மகஜரில் இருக்கும் நேரமும் சாட்சி சொன்ன நேரமும் ஏன் ஒத்துவரவில்லை? அந்தச் சிறு வேறுபாட்டை 'டெக்னிக்கல் பாயிண்ட்' என்று நாம் கேலி செய்கிறோம். சூசன்னாவுக்கு உயிர் கொடுத்தது அந்த டெக்னிக்கல் பாயிண்ட்.

நம் பெற்றோர் தலைமுறை நன்கு அறிந்த இன்னொரு வழக்கும் உண்டு. 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில், 'இந்து நேசன்' பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சதி செய்ததாகக் கைதானார்கள். அரசுத் தரப்பின் முக்கியத் தூண், அப்ரூவராக மாறிய ஒருவரின் சாட்சியம். 1945 மே மாதம் ஜூரிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில், மேல்முறையீட்டை உரிய முறையில் மறுபடி கேளுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பல், ஷகாபுதீன் ஆகியோர் சாட்சியத்தை நம்ப முடியாது என்று இருவரையும் விடுவித்தார்கள். ஏறக்குறைய 30 மாதங்கள் சிறையில் போயின. 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே போன பாகவதர், வெளியே வந்தபின் பழைய இடத்தைப் பிடிக்கவே இல்லை. 1959-இல் மறைந்தார். அவ்வளவு புகழும் பணமும் இருந்தவருக்கே இரண்டரை ஆண்டு. சொத்து விற்று வக்கீல் வைக்க முடியாத ஒரு தோட்டக் கூலிக்கு எத்தனை ஆண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றமே தவறியதும் உண்டு. மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்கை விதித்தது. உயிர் பிழைத்த சாட்சி, போலீசார் காட்டிய புகைப்படங்களில் முதலில் வேறு ஆள்களை அடையாளம் காட்டியிருந்தார். அது மறைக்கப்பட்டிருந்தது. 2019 மார்ச்சில் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்து, ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. சிறையில் 16 ஆண்டுகளுக்கு அது ஈடாகுமா என்று நாம் கேட்கலாம். ஆனால் அதுவும் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சுருளி வழக்குத் தீர்ப்பும் இழப்பீடு பற்றிப் பேசி, அது சட்டமன்றங்கள் முடிவு செய்ய வேண்டியது என்று விட்டுவிட்டது.

இங்கிலாந்தில் 1974 குண்டுவெடிப்புகளுக்காகத் தண்டிக்கப்பட்ட அயர்லாந்துக்காரர்களின் கதையும் இதுவே. கில்ட்ஃபோர்டு நால்வருக்காகக் கர்தினால் பேசில் ஹியூம் ஆண்டுக்கணக்கில் அரசிடம் வாதாடினார். 1989-இல் அவர்கள் விடுதலையானார்கள். பர்மிங்காம் அறுவருக்கு எதிராக இருந்த ஓர் ஆதாரம், கையில் வெடிமருந்து ஒட்டியிருந்ததாகச் சொன்ன ரசாயனச் சோதனை. ரயிலில் அவர்கள் விளையாடிய சீட்டுக்கட்டின் பூச்சுகூட அதே முடிவைத் தரும் என்று பின்னர் தெரிந்தது. 1991-இல் 16 ஆண்டு கழித்து வெளியே வந்தார்கள். இங்கிலாந்தில் தூக்கு ஒழிக்கப்பட்டிருந்ததால் வெளியே வர உயிரோடு இருந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் மறைக்கல்வி நூலின் 2267-ஆம் எண்ணைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று எழுதியதை இந்த வழக்குகளோடு சேர்த்துப் படித்தால் நமக்கு இன்னும் தெளிவாகும்.

மேல்முறையீடு என்றால் எல்லாவற்றையும் கலைத்துவிடுவது என்று எண்ண வேண்டாம். நமக்கு மிக அருகில் நடந்தது உடுமலைப்பேட்டை சங்கர் கொலை. 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், சாதியின் பெயரால் நடந்தது. அவர் மனைவி கௌசல்யாவின் பெற்றோர் வீடு பழனியில். திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், சதி நிரூபிக்கப்படவில்லை என்று தந்தையை விடுவித்தது. வெட்டிய ஐந்து பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, ஆனால் குற்றவாளிகள் என்பதை மாற்றவில்லை. நேரில் கண்ட சாட்சியும் கேமராப் பதிவும் இருந்த பகுதி நின்றது. யார் யாரோடு பேசினார்கள் என்னும் ஊகத்தில் நின்ற பகுதி விழுந்தது. அந்த விடுதலை நம்மில் பலருக்கு வலித்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு முறையீடு போனது. வலி நியாயமானது. ஆனால் நமக்குப் பிடிக்காதவர்களுக்கு ஓர் அளவுகோல், பிடித்தவர்களுக்கு வேறொன்று என்று கேட்க முடியாது.

அந்த வலியை நாம் குறைத்துப் பேசவில்லை. நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே வடமதுரைப் பக்கம் 12 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவரை மகளிர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் விடுவித்தது. அது மேல்முறையீட்டுத் தீர்ப்பல்ல, விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு. அடுத்த மாதம் தமிழகமெங்கும் முடிதிருத்தும் கடைகளை அடைத்து அச்சமூகத்தார் நீதி கேட்டதை நாம் பார்த்தோம். சென்னையில் 2017-இல் 7 வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கிலும் 2018-இல் விதித்த தூக்கை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கேமராப் பதிவைச் சட்டப்படி நிரூபிக்கவில்லை, தற்காத்துக்கொள்ள அவருக்கு உரிய வாய்ப்பும் தரப்படவில்லை என்றது. ஊரே கொதித்தது. கொதிப்பு நீதிபதிகள்மேல் போயிற்று. முத்திரை வைக்க மறந்தவர்மேலும், காகிதத்தைச் சரியாகத் தாக்கல் செய்யாதவர்மேலும், 'சீக்கிரம் முடி' என்று விரட்டிய நம்மேலும் அது போகவில்லை. ஒரு குழந்தையை இழந்த வீட்டுக்கு ஓட்டை விழுந்த வழக்கைக் கொடுப்பதும் அநீதிதான்.

இதில் நம் பங்கு என்ன என்று அன்பியத்தில் ஓர் இளைஞர் கேட்டார். அவர் அப்பா ஒருமுறை ஸ்டேஷனுக்கு வேறு வேலையாகப் போனபோது, "பெரியவரே, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று வெள்ளைத் தாளை நீட்டியிருக்கிறார்கள். போட்டுவிட்டு வந்துவிட்டார். இரண்டு ஆண்டு கழித்துச் சம்மன் வந்தபோதுதான், தான் பார்க்காத கத்தியைப் பார்த்ததாகச் சாட்சி ஆகியிருப்பது தெரிந்தது. இப்படி ஒப்புக்குக் கையெழுத்திட்டவர்கள் நம் பங்குகளிலும் இருப்பார்கள். பார்க்காததற்குக் கையெழுத்துப் போடுவது பத்துக் கட்டளைகளில் எட்டாவதை மீறுவதே. பார்த்ததைச் சொல்லப் பயந்து பிறழ் சாட்சி ஆவதும் அதுதான். இப்போதைய சட்டப்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். "வீடியோ எடுத்தீங்களா சார்" என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

தண்டனை பெற்றவர் நம் பங்கில் இருந்தால், அந்த வீட்டாரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யப் பொதுவாக 60 நாள், அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாள், தூக்கு என்றால் 30 நாள். தாமதமானாலும் காரணம் காட்டிக் கேட்கலாம். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே மனு அனுப்பலாம், வக்கீல் வைக்கப் பணம் வேண்டியதில்லை. காவலில் இருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம்.

அடுத்த மாத அன்பியத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அந்த அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். "சரிப்பா, அந்தாளு பண்ணுனான்னு சொல்ல முடியாது. அப்ப அந்த ரெண்டு புள்ளைங்கள யாரு கொன்னது?" என்றார். நம்மிடம் பதில் இல்லை. 14 ஆண்டுகளுக்குப் பின் யாரிடமும் இல்லை. மன்றாட்டு நேரம் வந்தபோது அவரே எழுந்து, அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும், வெளியே வந்தவருக்காகவும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார்.